பன்னிரண்டு புள்ளிகளும் என் கோடும்

அன்புள்ள என் கணவருக்கு,

இங்கே மூவரும் நலம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை ஒரு சாதனைபோலத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதை உங்கள் அம்மாவே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் கத்திவிடுவேன். ஒன்பது நாளாக நாம் பேசாமலிருப்பதே அதனால்தானே!

அன்று நீங்கள், "நியூட்ரானை புரோட்டான்மேல மோதவிட்டு நாலு மாசமா அளக்கறேன். உன் கோடுதான் தப்பு" என்றீர்கள். நான், "என் கணக்கு சரி. உங்க கருவியைத் துடைச்சுப் பாருங்க" என்று போனை வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "சண்டை உங்க ரெண்டு பேருக்கா, அந்த ரெண்டு துகளுக்கா?" என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற கோணங்களில் நீங்கள் அளந்த புள்ளிகளோடு ஒட்டிப்போன, நான் கணக்குப் போட்டு வரைந்த கோடு, நியூட்ரான்கள் பின்னோக்கிச் சிதறும் கோணங்களில் மட்டும் எகிறி நின்றது. எண்களைத் தட்டிக்கொட்டிப் பொருத்தப் பார்த்தேன். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விலகியது.

சனிக்கிழமை காலை, அந்தக் கோட்டைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராமை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் புத்தகத்திலுள்ள துகள் அட்டவணையைப் பார்த்து எண்களை வாசிக்க, நான் புரோகிராமில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

புரோட்டானும் நியூட்ரானும் நெருங்கும்போது பையான் என்ற துகளைக் கைமாற்றிக்கொள்வதாகத்தானே நம் கணக்கு? மின்னூட்டமுள்ள பையானின் நிறையை அத்தை வாசித்தார்கள்: "நூத்தி முப்பத்தொம்பது புள்ளி ஆறு." பழக்கதோஷத்தில் "சரி" என்றேன்.

"எங்க சரி? விரலை வச்சுக் காட்டு."

விரல் வைத்த இடத்தில் நூற்று முப்பத்தைந்து இருந்தது. அது மின்னூட்டமில்லாத பையானின் நிறை; பின்னோக்கிய கோணங்களிலோ மின்னூட்டமுள்ளதுதான் முக்கியம். சோம்பல்பட்டு எல்லாவற்றுக்கும் அதையே போட்டிருக்கிறேன்; பிறகு மாற்றவே மறந்துவிட்டேன்.

மாற்றி ஓட்டினேன். கோடு இறங்கிவந்து பதினொரு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போனது. குட்டியைத் தூக்கிச் சுற்றினேன். எதற்கென்று தெரியாமலே அவளும் கூச்சல் போட்டாள். "அப்ப என் பையன் சொன்னதுதான் சரியா?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆமாம், நீங்கள் சொன்னதுதான் சரி. கருவியைத் துடைக்கச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். நம் கட்டுரையில் அத்தைக்கு நன்றி சொல்லப் போகிறேன். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போடச் சொல்லிவிட்டார்கள்.

கிராஃபை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் புள்ளி மட்டும் இன்னும் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. என் பக்கத்தை ஐந்து தடவை பார்த்துவிட்டேன். அதை விட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்ப உங்களுக்கும் மனசு வராது, எனக்கும் வராது. மறுபடி அளப்பதென்றால் இன்னும் ஒரு மாதம் அந்த ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் தெரியும். அளந்துவிட்டே வாருங்கள். அவசரமில்லை என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்த இடம் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி