கண்ணாடியில் விழுந்த முகம்

20 ஆகஸ்ட் 2004, வெள்ளி

தாங்க முடியாத புழுக்கம். மாலை அருங்காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள், செம்புத் தகட்டில் அமிலத்தால் பொறித்து அச்சிட்டவை. எல்லாம் வீட்டு வேலை: துவைப்பவள், காய் நறுக்குபவள், காலுறை தைப்பவள். ஒருத்திக்கும் பெயர் இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டது ஒரு கட்டுரை, ஒரு புகைப்படம்.

மனைவி கமலா பிடிவாதம்: "ஸ்டெல்லாவையும் கூட்டிட்டுப் போங்க. வந்ததிலேர்ந்து ரூமுக்குள்ளயே கெடக்குறா." விசா கொடுத்த அரபு முதலாளி (கஃபீல்) வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த குளச்சல் பெண். பாஸ்போர்ட் அவர்களிடம். ஊர் திரும்பத் தூதரகம் அவுட்பாஸ் தரும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் அவளுக்குச் சிறை, ஒளித்து வைத்த எங்களுக்கும்.

துவைப்பவள் படத்தின் முன் ஸ்டெல்லா வெகு நேரம் நின்றாள்.

"இவளுக்கும் மேடம் உண்டுமா அண்ணே?"

"தெரியல."

"உண்டும். படத்துல வரமாட்டா. பின்னால நிப்பா."

அவளே சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

பத்திரிகைப் புகைப்படக்காரர் ரஃபிக்கு அந்தப் படச் சட்டத்தின் முன் ஓர் ஆள் தேவை. ஸ்டெல்லா நிற்கட்டும், முதுகு மட்டும் என்றேன். கேமராவின் சின்னத் திரையில் நானே பார்த்தேன். சரி என்றேன்.

22, ஞாயிறு

பேப்பர் வந்தது. படம் அரைப் பக்கம். முதுகுதான். ஆனால் சட்டத்தின் கண்ணாடியில், துவைப்பவளின் கரிய தலைமேல், ஸ்டெல்லாவின் முகம். மூக்குத்திகூடத் தெரிகிறது.

ஸ்டெல்லா: "எனக்க மொகம் நல்லாத்தான் விழுந்திருக்கு."

அலுவலகத்தில் போன் எடுக்கும் மலையாளி மாத்யூ, ஒரே குஷி: "சாரே, சூப்பர் போட்டோ! ஒரு மேடம் விளிச்சு, அந்தப் பெண்ணு யாருன்னு கேட்டா. உங்க வீட்டு நம்பர் கொடுத்தாச்சு."

 

23, திங்கள்

காலையிலேயே போன், ஸ்டெல்லாவின் மேடம். ஆங்கிலம், நிதானமான குரல். எங்கள் கட்டடத்தின் பெயரையே சொன்னாள். மாலைக்குள் ஸ்டெல்லா கீழே நிற்க வேண்டும், இல்லையென்றால் போலீஸ் மேலே வரும்.

தூதரகம்: அவுட்பாஸ் இன்னும் தயாராகவில்லை. தெரிந்த வக்கீல்: லீவில் ஊருக்கு. வேறு யாரைக் கேட்பது?

ஸ்டெல்லா பையை எடுத்துவிட்டாள். "அக்காவயும் பிடிச்சிட்டுப் போயிருவாவ. நான் எறங்கி நிக்கேன், அண்ணே."

கமலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

முதல் மாடி ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. பையோடு ஸ்டெல்லா, அவள் முன்னால் வெள்ளை வண்டி. பின்கதவு திறந்தது. உள்ளே, அந்த வீட்டில் ஸ்டெல்லா வளர்த்த குழந்தை. அவளைக் கண்டதும் கை தட்டிச் சிரித்தது.