யாரென்று கேட்காத புல்தரை

மீர்சாகிப்பேட்டை,
12-3-1975

அன்புள்ள பங்கஜம் அக்காவுக்கு,

சகினா எழுதுவது. நான் சுகம். கால்கள்தான் சுகமில்லை, போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகின்றன. நம் கார்ப்பரேஷன் பூங்காவைப் பூட்டிவிட்டார்களே! நேற்றுப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி கட்டப் பள்ளம் தோண்டுகிறார்கள். மழையே இல்லாத ஊருக்குத் தொட்டி!

நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ கேட்டோம். உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்றுகூட எனக்குத் தெரியாது. பூட்டப்போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்ன அன்றே முகவரி வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இனி எங்கே பார்ப்பது, சொல்லுங்கள்.

உங்கள்
சகினா

மந்தைவெளி,
20-3-1975

அன்புள்ள சகினாவுக்கு ஆசீர்வாதம்.

எங்கே பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. இது அண்ணா வீடு. என் வீட்டுக்காரர் காலமானபிறகு இங்கே ஒண்டிக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். கோவிலுக்குப் போகிறேன் என்று மன்னியிடம் சொல்லிவிட்டுத்தான் பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே கோவிலுக்குப் போகிறேன். அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள். என்னைப் பார்த்து "பாவம்" என்கிறார்கள். பூங்காவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. குழந்தைகள் சறுக்குமரத்தில் கத்தும், நீ யாரையாவது கேலி பண்ணுவாய், நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது மனசில் எதுவும் ஒட்டுவதில்லை. குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று மன்னி கேட்டால்தான் யோசிக்கிறேன். நாலு நாளாக ஜுரம் வேறு.

உன்
பங்கஜம்

மீர்சாகிப்பேட்டை,
24-3-1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஜுரத்தில் கிடப்பவரைப் பார்க்க யாராவது முகூர்த்தம் பார்ப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சமைத்தது எதுவும் கொண்டுவர மாட்டேன், பயப்படாதீர்கள். சாத்துக்குடிதான். பழத்துக்கு ஏது ஜாதி?

உங்கள்
சகினா

மந்தைவெளி,
4-4-1975

சகினா,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் புர்காவையே பார்த்துக்கொண்டு மன்னி, "யாரு இது?" என்று கேட்டாள். சிநேகிதி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரவிக்கை தைக்கிறவ" என்று வந்தது. நீ என்னை ஒருதரம் பார்த்தாய். அதற்குள் மன்னி, "நல்லதாப் போச்சு, என்கிட்ட ரெண்டு துணி இருக்கு. அளவு ரவிக்கை தரேன், எடுத்துண்டு போகட்டும்" என்று உள்ளே போனாள். இல்லை, நான் தைக்கிறவள் இல்லை என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே நின்றபடியே துணியை வாங்கிக்கொண்டு, பழப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாய். மன்னி அதைப் பால்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். இன்றுவரை அழுகைகூட வரவில்லை.

சிமெண்ட் கிடைக்கவில்லையாம். பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு மீதிப் பூங்காவைத் திறந்துவிட்டார்கள். நம் பெஞ்சு அப்படியே இருக்கிறது. இரண்டு நாளாகப் போய் உட்காருகிறேன். நீ வா. அங்கே என்னால் உன்னிடம் பேசமுடியும்.

உன்
பங்கஜம்

மீர்சாகிப்பேட்டை,
15-4-1975

மதிப்பிற்குரிய பங்கஜம் அம்மாள் அவர்களுக்கு,

ரவிக்கைகளைத் தைத்து, என் நாத்தனார் வஜீஹாவிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெளியாருக்கு நான் தைப்பது இதுதான் முதல் தடவை. குறையிருந்தால் உங்கள் மன்னியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபமில்லை. அன்று வலித்தது, இன்றும் வலிக்கிறது, அவ்வளவுதான். பூங்கா சர்க்காருடையது. அங்கே நீங்களும் வீட்டுக்காரி இல்லை, நானும் விருந்தாளி இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்க அங்கே ஒரு மன்னி கிடையாது. அதனால்தான் நாம் சிநேகிதிகளாக இருந்தோம். அது நம் சாமர்த்தியம் என்று நான் நினைத்துவிட்டேன்.

நீங்கள் தினமும் போய் உட்காருங்கள், உடம்புக்கு நல்லது. நான் வரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் நான் யார் என்று இனி நானே கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மன்னியின் அளவு ரவிக்கை என்னிடமே இருக்கட்டும். மறுபடி தைக்க ஏதாவது இருந்தால், துணியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நான் நேரில் வரவேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சகினா