உருகியும் இல்லை, உருக்கியும் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், போனில் உன் குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது, கேட்டால் ஏசி என்பாய். உன் அத்தை கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை யாரென்றே தெரியாமல் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆகவே குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நான் சரி விடு என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் சரி விடு என்று சொல்வதாக இல்லை. தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லாததால் எழுதி முடித்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் பேசினார், உன் சிறுகதைப் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவராம். அங்கே நீ தூங்கும் நேரம், அவசரத்துக்கு என்று நீ கொடுத்திருந்தது நம் வீட்டு நம்பர். ஒரே ஒரு சந்தேகம்மா என்று ஆரம்பித்தார். "சமர்ப்பணப் பக்கத்துல, 'தன்னை உருகி எங்களுக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி, என் அம்மாவுக்கு'ன்னு இருக்கு, அது உருகியா உருக்கியாம்மா?" என்றார். நீ எனக்குத் தெரியாமல் வைத்திருந்த ஆச்சரியம் இப்படி ஒரு எழுத்துப்பிழையாக என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. உருகி என்றால் தானாக நடந்தது, உருக்கி என்றால் ஒருத்தர் செய்து நடந்தது, தன்னை உருகி என்று தமிழில் எழுத முடியாது, தமிழ் படித்தவள் மகளே இப்படி எழுதலாமா என்று முதலில் அந்தக் கோபம்தான் வந்தது. பிறகுதான் என்னை மெழுகுவர்த்தி ஆக்கியிருப்பது உறைத்தது. ரெண்டும் இல்லைம்மா என்றேன். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கவனித்து, அப்ப என்ன போடட்டும், அடுத்த வாரம் அச்சுக்குப் போகுதே என்றார். மகளே சொல்லுவாள் என்றேன். புத்தகத்தின் தலைப்புக் கதையும் ஒரு அம்மாவைப் பற்றியதுதான் என்றார், அதையும் அனுப்பச் சொல்லி வாங்கினேன்.

அப்பாதான் முதலில் படித்தார். "என்ன எழுத்து எழுதியிருக்கா, எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் காபி கிடைக்குமா என்றார். மெழுகுவர்த்தி அணைஞ்சு போச்சு, நீங்களே போட்டுக்குங்க என்றேன். போட்டுக்கொண்டார், எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார், சர்க்கரையை மறந்துவிட்டார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் வரும் அம்மா விறகடுப்பை ஊதி, புகையில் கண் கலங்குகிறாள். நம் வீட்டில் விறகடுப்பு எந்தக் காலத்தில் இருந்தது? நீ பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்புதான், சிலிண்டர்காரரை நீ மாமா என்று கூப்பிடுவாய். அந்தப் புகை நம் வீட்டுப் புகை இல்லை, நீ படித்த கதைகளிலிருந்து வந்த புகை. நானும் அவற்றைப் படித்தவள்தான். புத்தகங்களில் வீட்டுப் பெண்ணுக்கு அதிக வேலை கிடையாது. வாசலில் காத்திருப்பாள், அடுப்படியில் அழுவாள், கடைசியில் செத்துப்போவாள், செத்துப்போனால் கதைக்குப் பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு. குழாய் ரிப்பேர்காரரிடம் சண்டை போடுகிறவளையோ, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் நினைக்காமல் ஒரு நாவலைப் படித்து முடிக்கிறவளையோ நான் அதிகம் பார்த்ததில்லை. புத்தகத்துக்கு வெளியிலோ அந்த அழுகைக்குக்கூட இடமில்லை. அத்தையின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போது கூட இருப்பவர் என்ன வேலை என்று கேட்டாள் கவுன்டர் பெண். வீட்டுல இருக்கேன் என்றேன். "அப்ப வேலை இல்லைன்னு போட்டுக்கறேன் ஆன்ட்டி" என்று கம்ப்யூட்டரில் தட்டினாள், பிறகு ராத்திரியும் பகலும் ஆள் இருக்கணும், நீங்க ஃப்ரீதானே என்றாள். மேடையில் ஏறினால் இதையே இல்லத்தரசி என்பார்கள். அரசி என்கிறார்களே தவிர, உட்கார நாற்காலி யாரும் போடுவதில்லை. ஒரு பக்கம் வேலை இல்லாதவள், இன்னொரு பக்கம் மெழுகுவர்த்தி. இரண்டு பக்கமும் நான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கதையில் அந்த அம்மா கைக்குழந்தைக்காகக் கல்லூரி வேலையை விடுகிறாள். நீ என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாய் என்று எனக்கு இதுவரை தெரியாது. நான் வேலையை விட்டபோது நீ வரப்போவதே யாருக்கும் தெரியாது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ரொம்பப் பேசுறீங்களாம், நோட்ஸ் சொல்லுங்க போதும்" என்றார். வருடம் முழுக்க நோட்ஸ் சொன்னேன், வெறுத்துப்போய் வேலையை விட்டேன். பிறகு வேறு இடம் தேடியிருக்கலாம், தேடவில்லை. சில வருடங்கள் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன், சில வருடங்கள் படவில்லை. அலுப்பு இருந்தது, ஒரே பாத்திரத்தைக் கழுவிக் கழுவி அதன் மேல் வெறுப்பே வந்திருக்கிறது, நன்றி சொல்ல ஆளில்லை என்ற கோபமும் இருந்தது. அதையெல்லாம் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வேலை. வேலையைத் தியாகம் என்று சொல்லிவிட்டால், அதை யாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, கும்பிட்டுவிட்டுப் போனால் போதும். போன மாதம், உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும் அந்தப் பையனைப் பற்றிப் பேசும்போது, "கல்யாணம்னா உன்னை மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கும்மா" என்றாயே, அப்போது எனக்குப் புரியவில்லை. செய்துகொள், செய்துகொள்ளாமல் இரு, அது உன் விருப்பம், ஆனால் நான் உருகிப்போனேன் என்று நீயே ஒரு கதை கட்டிக்கொண்டு அதற்கு என்னைச் சாட்சியாக இழுக்காதே.

அத்தைக்கு என்மேல் கோபம். "பிள்ளை ஆசையா எழுதியிருக்கு, உனக்கு என்ன இவ்வளவு வீம்பு, எங்களையெல்லாம் எவ புத்தகத்துல போட்டா?" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. போடுறதுன்னா இருக்கிற மாதிரி போடட்டும் அண்ணி என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்னைப் போட்டா அந்தக் கண்ணாடி இல்லாம போடச் சொல்லு" என்றார்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கதை உன்னுடையது, அதில் நான் கை வைக்கமாட்டேன், விறகடுப்பு வேண்டுமென்றால் இருக்கட்டும். கதையில் நடக்காததைச் சொல்லலாம், சமர்ப்பணப் பக்கத்தில் கதை விடக் கூடாது. அங்கே இருப்பவள் நான். அம்மாவுக்கு என்று ஒரே ஒரு சொல் போடு. அது போதாது என்று தோன்றினால் அந்தப் பக்கத்தைக் காலியாக விடு, வருத்தப்பட மாட்டேன். இரண்டும் முடியாது என்றால் வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை நான்தான் வாங்க வேண்டும் என்றாயே, வருகிறேன், வாங்கிக்கொண்டு மைக்கையும் வாங்குவேன். அப்பாவுக்கு அதுதான் பயம்.

கதையை இரண்டாவது தடவை படித்தபோது ஒன்று கவனித்தேன், அந்த அம்மா ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது வீட்டுக்காரர் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டாரே, நினைவிருக்கிறதா? நானும் கீழ்வீட்டு டைலரம்மாவும் பக்கத்து வீட்டு நர்சும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா ஈரத்துணியையும் அவர் வாசல் கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் காயப்போட்டோம், அவரைப் பார்க்க விருந்தாளிகள் வந்திருந்த நேரம். பதறிப்போய் வந்தார். "மாடிக்கு வழி மறந்துபோச்சு சார்" என்று டைலரம்மா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னார். துணி காய்வதற்குள் சாவி வந்துவிட்டது. நாங்கள் மூவரும் மாடிப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம், நீ கிளிப்புக் கூடையைக் கட்டிக்கொண்டு எதற்கென்றே தெரியாமல் எங்களோடு சிரித்தாய். மறந்திருந்தால் போன் செய், முழுதும் சொல்கிறேன். நீ கேட்டு இதுவரை ஒன்றையும் நான் சொல்லாமல் இருந்ததில்லை, நீதான் கேட்டதில்லை.

நீ நினைப்பதையெல்லாம் எழுதி முடிக்கும்படி கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு என்றும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் மறக்காமல் அந்தப் பெண்ணிடம் பேசு, உன் பதிலுக்காக அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அப்பா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, கொஞ்சம் காரமா இருக்கே, குறைக்கலாமே என்கிறார். குறைக்கவில்லை.

அன்புடன்,
அம்மா