ஒன்று, மூன்று, நாலு, இரண்டு

அன்புள்ள 'என்னங்க',

கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசித்தேன். முப்பத்திரண்டு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், எழுத்திலும் அதுவேதான் வருகிறது. சமையலறையிலிருந்து இப்போதும் சில நாள் வாய் தவறி "என்னங்க" என்று கூப்பிட்டுவிடுகிறேன். அப்புறம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கார் ஓடுகிறது. நான்தான் ஓட்டினேன், எப்போதோ நீங்கள் கற்றுக்கொடுத்தது கைவிடவில்லை. சிரிக்காதீர்கள்.

நீங்கள் போன பிறகு பதினான்கு மாதமாக அது ஷெட்டை விட்டு நகரவே இல்லை. நான் மட்டும் எப்போதாவது போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவேன். டிரைவர் சீட்டை உங்கள் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்தீர்களே, அதை முன்னால் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். அதற்கும் கால் எட்டவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ரவி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். வீட்டை வாடகைக்கு விட்டு, காரை விற்றுத் தள்ளிவிட்டு, என்னைக் கையோடு கூட்டிப்போக முடிவு செய்துவிட்டான். பம்பாயிலிருக்கும் நம் பெண் சுமதிக்கும் சம்மதமாம். என்னை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

"நீ தனியா அங்க என்னம்மா பண்ணுவே? அந்தக் கார் ஸ்டார்ட்டாவது ஆகுதா?" என்றான்.

ஏனோ எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆகிறது, உன் ரயிலுக்கு நானே கொண்டுவருகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். அப்படி வந்து நின்றால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்றான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்?

இங்கே மூன்று நாளாக மழை. வெள்ளிக்கிழமை, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் முதலில் பிளக் வயர்களில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பீர்களே, அது ஞாபகம் வந்தது. பானெட்டைத் திறந்து, நாலு வயரையும் இரண்டு பக்கமும் பிடுங்கினேன். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக்கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் கழற்றினேன். எல்லாவற்றையும் உங்கள் பழைய பனியனால் துடைத்து, கொஞ்சநேரம் அடுப்பங்கரையில் காயவைத்தேன். பிறகு திரும்ப மாட்டினேன். அழகாக, ஒழுங்காக, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

சாவியைத் திருப்பினால் சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி. எதிர்வீட்டு ராமசந்திர ராவ் கையில் பேப்பரோடு வெளியே வந்து, தீபாவளி முடிந்து இத்தனை நாளாகியும் யார் பட்டாசு விடுகிறார்கள் என்று தெருவைப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து தெருவைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்ரஹாரத்தில் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு நடந்துபோய் மெக்கானிக் சின்னப்பனைக் கூட்டிவந்தேன். மார்டள்ளி ஊர்க்காரர், உங்களிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுவாரே, அவரேதான். உங்கள் போட்டோவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் படும்படி வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது.

"கரண்ட் நல்லாத்தானுங்க வருது. வீடு மாறிப் போகுதுங்கம்மா. வயரை வரிசை மாத்தி மாட்டிட்டீங்க."

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நீங்கள் வயர் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் காபியோடு வந்து, எதற்கு இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டுகிறீர்கள், நேராக மாட்டினால் ஆகாதா என்று கேட்டேன். நீங்கள் தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "இது நம்ம வீட்ல சாப்பிடற வரிசை தனம். ஒண்ணு நான், ரெண்டு நீ, மூணு ரவி, நாலு சுமதி. ஆனா சாப்பிடறப்போ நான், ரவி, சுமதி, கடைசில நீ. இன்ஜினுக்குள்ள ஒவ்வொண்ணா வெடிக்கிறதும் அந்த வரிசைதான்."

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அடுத்த நாலைந்து நாள் எனக்காகக் காத்திருந்து கூடவே சாப்பிட்டீர்கள். பிறகு மறந்துவிட்டீர்கள். அதை ஏன் நான் ஒருநாளும் கேட்கவில்லை?

சின்னப்பனிடம் சொன்னேன்: முதலில் அவர், அப்புறம் பெரியவன், அப்புறம் சின்னவள், கடைசியில் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்காரர் ஒன்று, நான் இரண்டு, பிள்ளைகள் மூன்று, நாலு என்று விளக்கினேன். பிறகு விரல்விட்டு எண்ணி, ஒன்று, மூன்று, நாலு, இரண்டு, சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றார். மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

கிளம்பியதே தவிர, குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. எந்த பிளக் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே உலர்ந்த துணியால் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் வயரை எடுத்ததும் இன்ஜின் இன்னும் திணறியது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் அப்படியே. இரண்டாவதைப் பிடுங்கினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாருங்கம்மா, இதை எடுத்தாலும் வண்டிக்கு ஒண்ணும் தெரியலீங்க," என்றார்.

அவர் பிளக்கைத்தான் சொன்னார். எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். மணி மூன்றாகியிருந்தது. காலையில் வடித்த சோறு தட்டுப்போட்டு மூடியபடி அப்படியே இருந்தது. தினமும் இப்படித்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு உட்காருகிற பழக்கம், உட்காரவும் எழவும் ஆளில்லாத வீட்டில் இன்னும் விடவில்லை. பாதி நாள் ராத்திரிக்கு அதில் மோர் ஊற்றிக்கொள்கிறேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சமையலறையில் நின்று அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

தண்ணீரோடு திரும்பியபோது அந்த பிளக் அவர் உள்ளங்கையில் இருந்தது. முனையெல்லாம் கரி. கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. கரி மூடிக் கெடக்குது. தொடச்சா எரியும்," என்றார்.

உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து, திரும்ப மாட்டினார். நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது நீங்களே பிடுங்கிப் பாருங்கள் என்று துணியை என்னிடம் கொடுத்தார். பயந்துகொண்டேதான் இரண்டாவது வயரை இழுத்தேன். வண்டி முழுவதும் உலுக்கிப்போட்டது, நின்றுவிடும்போல ஆகிவிட்டது. சட்டென்று மாட்டிவிட்டேன். பிறகு இன்னொரு தடவை பிடுங்கிப் பார்த்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இன்று காலை சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பிரேக் எட்டவேண்டுமே. ஸ்டேஷன் வாசலில் ரவி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். இடதுபக்கம் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் காலை ஊன்றி இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தான். அப்படியே உங்கள் பிள்ளை.

வீட்டில் இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் சோறு போட்டுவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். நீ அப்புறம்தானே சாப்பிடுவாய் என்று கேட்டான்.

"எனக்குப் பசிக்குதுடா," என்றேன்.

அவன் என் தட்டைப் பார்த்தான். பிறகு சாம்பார் வாளியை எடுத்து முதலில் எனக்கு ஊற்றினான்.

சாயங்கால ரயிலில் தனியாகப் போய்விட்டான். வீட்டைப் பற்றியோ காரைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னப்பனுக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். ஞாயிறு தவறாமல் வண்டியைக் கிளப்புவேன், இரண்டாவது பிளக்கில் கரி சேரவிடமாட்டேன். நாளையிலிருந்து சோறு சூடாக இருக்கும்போதே, ஒரு மணிக்கு, உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் காத்திருக்கவேண்டாம்.

இதுவரை கடைசியில் சாப்பிட்ட
உங்கள் மனைவி,
தனம்