மயிலத்தில் என்ன கேட்பது

அண்ணா,

இன்று காலை சீயக்காய் டப்பாவை எடுக்கக் குளியலறை மாடத்தில் கை வைத்தபோது, வெள்ளை ஷூவுக்குப் பூசும் பாலிஷ் புட்டி மூடி சரியாகத் திருகாமல் சாய்ந்து கிடந்தது. சுண்ணாம்பும் மருந்தும் கலந்தாற்போன்ற, உங்கள் ஷூவில் வந்த அதே வாசனை. என் மகள், உங்கள் மருமகள், மறந்துவிட்டுப் போனது. தலையில் எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் கடற்படைப் பயிற்சிக்குப் போனபோது நீங்கள்தான் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இப்போது அவளைக் கப்பலில் போட்டிருக்கிறார்கள். லீவில் திண்டிவனம் வந்திருந்தாள். திரும்பிப் போனதும் ஒரு போன். "நாளைக்குக் கெளம்பறோம்மா. கொஞ்ச நாளைக்கு போன் வராது. பேஜாரு பண்ணிக்காத." அவ்வளவுதான். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது நீங்கள் கப்பலில் இருந்த காலத்திலேயே நம் வீட்டில் பழகிப்போனது. ஆனால் டிவியில் எந்தக் கடலைக் காட்டினாலும் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன். நேற்று ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

நாளை கிருத்திகை. மயிலம் போக வேண்டும். முருகன் முன்னால் நின்று அவளுக்காக என்ன கேட்பது என்பதுதான் தெரியவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் இந்தக் குழப்பமே உங்களால் வந்ததுதான்.

நீங்கள் புதிதாகக் கப்பலில் சேர்ந்த சமயம். மறுநாள் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும் என்று பாலிஷ் பூசிய ஷூவை மாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்திருந்தீர்கள். பக்கத்தில் நான் மல்லாட்டையை உரித்துக் கடலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். மல்லாட்டைக்கு வந்த காக்கை ஷூவின் மேல் எச்சமிட்டுப் பறந்தது. நான் பதறினேன். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "வுடு பாப்பா. கேப்டன் குடுக்கறதுக்கு முன்னாடியே காக்கா மெடல் குத்திட்டுப் போவுது" என்றீர்கள். அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே மயிலம் போய் வேண்டிக்கொண்டேன்: அண்ணன் கடலை விட்டுத் தரைக்கு வந்துவிட வேண்டும், பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்.

முருகன் அவசரப்படவில்லை. கடற்படையிலேயே நீங்கள் பெரிய அதிகாரியாகி, தலையும் நரைத்து, ஓய்வு பெற்ற பிறகுதான் அரசாங்கம் உங்களை ஒரு சின்ன நாட்டுக்குத் தூதராகப் போட்டது. வேண்டுதல் பலித்தது என்றே நினைத்தேன். பால்காரர் பாக்கியையே மாதம் தாண்ட விடாத நான் முருகன் பாக்கியை வைத்திருப்பேனா? குடத்தோடு மலையேறினேன். நீங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க என் கூடவே ஏறினீர்கள்.

"அப்போ நீ வேண்டிக்கினதாலதான் என்னைக் கப்பல்லேர்ந்து எறக்கிட்டாங்களா?"

"ஆமாண்ணா. இனிமே கோட்டு போட்டுக்கினு விருந்து சாப்புடுங்க, போதும்."

"தூதருன்னா விருந்து மட்டும்தான்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

அந்தச் சின்ன நாட்டில் சண்டை மூண்டதும் நீங்கள் அண்ணியை மட்டும் முதல் விமானத்தில் அனுப்பிவிட்டீர்கள். நான் விழுப்புரத்தில் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். எழுத்துக்கூட்டி நானாகக் கற்ற ஆங்கிலத்தில் பேப்பர் முழுக்க அந்த நாட்டின் பேரைத் தேடுவேன். அண்ணி மாற்றுச் சேலைகூட எடுத்துவராமல் வந்திருந்தார்கள். நான் கொண்டுபோன சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று சொன்னார்கள்: "கப்பலா இருந்தா திருப்பிக்கினு வந்துருப்பாரும்மா. அவரு இருக்கறது கட்டடமாச்சே, அத எப்படித் திருப்பறது?"

தரை வேண்டும் என்று கேட்டவள் நான்தானே.

அன்று சாயங்காலம் போன் கிடைத்தது. நீங்களும் வந்துவிடுங்கள் என்று அழுதேன்.

"நம்ம ஆளுங்க எம்பசி கேட்டாண்ட நிக்கறாங்க பாப்பா. நர்சு, கொத்தனாரு, ஓட்டல்ல வேல செய்யறவங்க. அவங்கள அனுப்பிட்டு வர்றேன்."

"உங்களுக்குன்னு வீட்ல யாருமில்லியா?"

"கோட்டக்குப்பத்து ஆளு ஒருத்தரு இங்க கீறாரு. அவரு சம்சாரமும் உன்ன மாதிரியேதான் போன்ல அழுவுது. ஒரே அழுகைய நான் எத்தினி வாட்டி கேக்கறது, சொல்லு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பின்னால் ஏதோ வெடித்த சத்தம். லைன் போய்விட்டது.

அந்த வாரமும் மயிலம் போய் நின்றேன். மறுபடியும் கடலுக்கே அனுப்பு என்றா கேட்பது? நான் கேட்காமலேயே அப்படித்தான் நடந்தது. நம் கடற்படைக் கப்பல் ஒன்று போய்த்தான் உங்கள் எல்லோரையும் ஏற்றி வந்தது. கடைசியாக ஏறியவர் நீங்கள். கடலும் விட்டது, சண்டையும் விட்டது. போன வருடம் விழுப்புரத்து வீட்டில், சாயங்காலக் காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இனி எந்த இடத்தைப் பத்திரம் என்று நம்பி நான் கேட்பது, அண்ணா?

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். மயிலம் போய்வந்துவிட்டேன். நல்ல கூட்டம். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கும்மா? பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். மகளின் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கப்பலின் பேர் வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அவர் விழித்தார். "இது ஆளு பேரா?"

"கப்பலுங்க சாமி. எம்பொண்ணு அதுலதான் வேல செய்யுது."

"கப்பலுக்கு நட்சத்திரம் என்னன்னு சொல்றது?"

பின்னால் நின்ற அம்மாள் பொறுக்காமல், "ஜல்தியா சொல்லும்மா, பஸ்சு போயிடும்" என்றாள்.

"அத்தினி பேரு உள்ள இருக்காங்களே சாமி, எல்லா நட்சத்திரமும் இருக்கும். எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்றேன். அவர் தட்டை உயர்த்திப் பிடித்தார். பிறகு அசுவினியில் தொடங்கி, ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். பஸ்சுக்கு அவசரப்பட்ட அம்மாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடல் என்றும் கேட்கவில்லை, தரை என்றும் கேட்கவில்லை. பயம் போயிற்றா என்றால் இல்லை, கூடித்தான் இருக்கிறது. ஒரு பெண்ணுக்காகப் பயந்துகொண்டு மலையேறினேன். முகம் தெரியாத அத்தனை பேருக்காகவும் பயந்துகொண்டு இறங்கினேன். போன் இன்னும் வரவில்லை. இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு அன்றைக்கு அந்தக் கேட்டில் அத்தனை பேர் நிற்கையில் எப்படி அண்ணா என்னிடம் சிரித்துப் பேசினீர்கள்?