பாதித் தலையில் நின்னுபோன மிஷின்

ஒசாகா, ஜப்பான்

அன்புள்ள அம்மாவுக்கு, மணிவேல் வணங்கி எழுதறேன். உன் காலு வீக்கம் வடிஞ்சுதா? சுகர் மாத்திரையை விடாம போட்டுக்கினு வா. போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுதுடறோம், அதான் எழுதறேன்.

நான் வந்து சேர மூணு நாளாகும்னுதான் நைனாவை எடுத்துட்டீங்க. அது உங்க தப்பில்லம்மா. காரியத்தன்னிக்கு அங்க தம்பி மொட்டை போடற நேரத்துல நானும் இங்க போட்டுக்கலாம்னு உக்காந்தேன். புத்தூர்ல வாங்கின முடிவெட்டுற மிஷினை எடுத்தேன். பின்னு மாத்தினா போதும்னு நெனச்சேன். இங்க கரண்டே நூறு வோல்ட்டுதானாம், நம்மூரு மிஷினுக்குப் பத்தல. முனகிக்கினே பாதித் தலை வரைக்கும் வந்து, முடியைக் கவ்விக்கினு நின்னுடுச்சு.

ரூம்ல கூட இருக்கிற வியட்நாம்காரன் ஹுங் பார்த்துட்டு மொதல்ல சிரிச்சான். என் மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திட்டான்.

"யாரு?"ன்னு கேட்டான்.

"அப்பா"ன்னேன்.

தன்னோட ரேசரை எடுத்தாந்து மீதியை அவனே சிரைச்சு விட்டான். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த புள்ளை, பாத்ரூம் தரையில உக்காந்து அழுதேம்மா. இப்ப நல்லாத்தான் இருக்கேன், கவலைப்படாதே.

யாராவது இங்க வந்தா வறுத்த வேர்க்கடலை கொஞ்சம் குடுத்தனுப்பு. நைனா போட்டோவும் ஒண்ணு வை. அப்புறம், கடைசியா நைனா என்னைக் கேட்டாரான்னா தம்பி பேச்சை மாத்தறான். கேட்டிருந்தாலும் சரி, கேக்கலன்னாலும் சரி, நீ உள்ளதை எழுது.

கம்பெனி பஸ் வந்துடுச்சு.

உன் மகன்
மணிவேல்