அசல் பார்த்தேன்

ஜூலை 7, திங்கள்

மழை. ஸ்கூடாய் ரோட்டில் நாற்பது நிமிடம் நெரிசல். பேக்டரி ஆபீசுக்குள் நுழைந்ததும் மேனேஜர் மதிவாணன், "அடுத்த வெள்ளி சிங்கப்பூர் கஸ்டமர் ஆடிட். உள்ளூர் ஆளுங்க எல்லாரோட ஐசியையும் புது மெஷின்ல போட்டு, பெருவிரல் வைக்கச் சொல்லுங்க, கார்டுல இருக்கிற ரேகையோட ஒத்துப்போகணும். நீங்க பார்த்துச் சேர்த்தவங்கதானே, என்ன பயம்?" என்றார்.

பயம்தான். யாரை வேலைக்குச் சேர்த்தாலும் அசல் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கண்ணால் பார்த்து, நகலில் ‘அசல் பார்த்தேன்’ முத்திரை குத்தி நான் கையெழுத்துப் போட வேண்டும். எண்பத்தாறு பேரில் ஒருத்திக்கு மட்டும் பார்க்கவில்லை. லோஷினி. கேண்டீன் ராஜம்மா கூட்டி வந்தார். "லாயாங் லாயாங் ஊருல எங்க பக்கத்து வீட்டுப் புள்ளம்மா." நம்ம புள்ள, இவளிடம் போய் அசலைக் கேட்பதா என்று முத்திரையைக் குத்திவிட்டேன். பங்களாதேஷ்காரர்களின் பாஸ்போர்ட்டை மூன்று தடவை புரட்டுகிறவள் நான்!

ஜூலை 8

கேட்டேன். "வீட்ல இருக்குக்கா. நாளைக்கு."

ஜூலை 9

மறந்துவிட்டாளாம்.

ஜூலை 10, வியாழன்

கொண்டுவந்தாள். விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள் - மறுபடியும் சிவப்பு. அழ ஆரம்பித்தாள்.

அவள் லோஷினியே இல்லை. லோஷினியின் அக்கா, பிரவீனா. அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை. அப்பா கோயிலில் தாலி கட்டியதோடு சரி, இவள் பிறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார். பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வராது. அதற்குப் பிறகு பிறந்த தங்கைக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. இவளுக்கு ஒன்றுமே இல்லை. ஏழு வருடமாக மனு மேல் மனு.

"தாலி கட்டுனா போதும்னு நெனச்சிட்டாங்கக்கா."

"என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியே!" என்று கத்திவிட்டேன். இருபத்திரண்டு வயசுப் பெண். அவள் தலையில் பிறந்த அன்றே போட்டுவிட்டார்கள்.

ஜூலை 11

தூக்கமே இல்லை. மதிவாணனிடம் சொன்னால் போலீஸ். அடுத்தவர் ஐசியில் வேலை செய்தால் அவளுக்கு ஜெயில்கூட வரலாம். சொல்லாவிட்டால்? பொய்க் கையெழுத்து என்னுடையது, என் வேலை போகும். பேக்டரி மெஷினில் அவள் கை மாட்டினால் காப்பீடு யாருக்கு வரும்? தங்கைக்கா?

அவளுக்காகப் பயப்படுகிறேனா, எனக்காகவா? எனக்காகத்தான். அப்புறம்தான் அவள்.

ஜூலை 14, திங்கள்

ராஜினாமா எழுதித் தரச் சொன்னேன். தங்கையின் பெயரில் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்குப் பிரச்சன வராதுலக்கா?" என்று கேட்டாள், பாவி மகள். சின்னம்மா மகன் ஒரு லாயரிடம் வேலை செய்கிறான், உன் மனுவைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன்.

இன்னும் அவனுக்கு போன் போடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடிட் முடிந்தது. எண்பத்தைந்தும் பச்சை விளக்கு. "பைல் எல்லாம் பக்கா லா!" என்று மதிவாணன் பிரியாணி வாங்கித் தந்தார். வெட்கம் கெட்டுப் பசித்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வேலை கேட்டு ஒரு பெண். பிரவீனாவின் அதே முகம், உயரம் மட்டும் கொஞ்சம் குறைவு. நான் கேட்பதற்கு முன்பே அசல் ஐசியை நீட்டினாள்.

லோஷினி. ஃபார்ம் சிக்ஸ், பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாளாம். டீச்சராக ஆசையாம். போன வாரம் நின்றுவிட்டாள்.

"படிப்ப முடிச்சிட்டு வாயேம்மா."

"அக்காவுக்கு யாரும் வேலை தர மாட்றாங்க. என்கிட்டதானே கார்டு இருக்கு."

விரல் வைத்தாள். உடனே பச்சை. பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. நகலில் முத்திரை குத்தினேன். இந்த முறை எல்லாம் சட்டப்படி சரி. கையெழுத்துப் போட்டு, பிரவீனாவின் லாக்கர் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.